உப்புக்காற்றில் பழைய வண்டியும் பழைய ராக் ரெக்கார்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய புல்லட்டோ ஜாவாவோ அம்பாசிடரோ வைத்திருப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு பெட்டி ரெக்கார்டும், அதாவது பழைய இசைத்தட்டுகளும், இருக்கும். இரண்டையும் கெடுப்பவை ஒன்றேதான்: உப்பு, ஈரம், சும்மா கிடப்பது. வயசு அதற்கப்புறம்தான் வரும். கடலுக்குத் தொலைவில், வறண்ட காற்றில் வண்டி வைத்திருப்பவர் சொல்லும் யோசனை இந்தக் கரையில் பாதிதான் பலிக்கும் என்பதால், இங்கே எது பலிக்குமோ அதை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

முதல் பழைய வண்டி. எதை வாங்கலாம்?

உதிரி கிடைக்கிற வண்டியை வாங்குங்கள். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-க்கு (346 சிசி, போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.) வாஷர் முதல் கிராங்க் வரை எல்லாம் கிடைக்கும். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டிக்கும் பாதகமில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டிதான், ஆனால் இன்று அதன் விலையில் பாதி அந்தப் பெயருக்காகத்தான் போகிறது. அதிலும் டேங்க் ஒரு வண்டியினுடையது, இன்ஜின் இன்னொன்றினுடையது என்று ஒட்டுப்போட்டவை ஏராளம்.

காரில் அம்பாசிடர். 2014 வரை ஓடிய உற்பத்தி, அதனால் கதவுப்பிடி உடைந்தாலும் கவலையில்லை. பத்மினியும் (1089 சிசி) சமாளிக்கலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல் பாசம் வருவது இயல்பு. முதல் வண்டியாக மட்டும் வேண்டாம். இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம், கண்ணாடியும் ஓர அலங்காரப் பட்டையும் தேடி வருடங்கள் போகும்.

வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

இன்ஜின் சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள். இன்ஜினை லேத் பட்டறையில் சரிசெய்யலாம், கரைந்துபோன தகட்டை அப்படிச் செய்ய முடியாது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகிய இடங்களில் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இருப்பது இரும்பு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. கால்விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவை அடைபட்ட காரில் கதவு உள்ளிருந்தே இற்றுப்போயிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு சோதனை கட்டாயம். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கழுவி மெருகேற்றினாலும் வண்டல் சில இடங்களில் தங்கிவிடும். ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், அடியில் பொடி மண் படிந்திருக்கிறதா என்று. காரில் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங், கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஓடும் நீர்க்கோடு, ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்த தழும்பு. இவற்றில் இரண்டு இருந்தாலே விலையைப் பேசாமல் திரும்பிவிடலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளையும். முதலில் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக, கையால் அழுத்துங்கள், தண்ணீர் பீச்சியடிக்கும். ஆயிலை வடியுங்கள். காப்பி நிறத்தில் வந்தால் விலை குறைந்த ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டு அதையும் வடிக்க வேண்டும். சில சமயம் மூன்று முறை ஆகும். காரில் கியர் பெட்டி, பின் ஆக்சில் இரண்டையும் மறக்காதீர்கள், அவற்றின் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கும். சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள். கடல்நீர் கலந்த வெள்ளம் என்றால் இத்தனைக்கும் முன்னால் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவிவிடுவது முக்கியம். உப்பு காய்ந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு கனெக்டரும் பச்சை பூக்கும்.

பல வருடம் நின்ற புல்லட்டை எழுப்புவது எப்படி?

அவசரமாக உதைக்காமல் இருப்பதுதான் முதல் படி.

பிளக்கைக் கழற்றி 5 முதல் 10 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் இப்படித்தான் விடுபட வேண்டும், கிக்கரை மிதித்தால் பல் போகும். பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். நின்ற புல்லட்டில் ஆயில் தன் அறையிலிருந்து கிராங்க் பக்கம் ஊறி இறங்கியிருக்கும். முதல் ஐந்து நிமிடம் நீலப்புகை கக்கினால் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிறகு பாயிண்ட், அதாவது திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் இரு முனைகள். முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்தக் காற்றில் பாயிண்ட் முகத்தில் ஒரு மாதத்திலேயே மங்கலான படலம் வந்துவிடும். நைசான எமரி தாளால் ஒரு தேய், பிறகு வெள்ளை அட்டையை இடையில் செருகி இழுத்துத் துடையுங்கள். எமரித் தூள் அங்கேயே தங்கினால் ஸ்பார்க் வராது. டைமிங் (ஸ்பார்க் விழும் கணம்) புல்லட் 350-க்கு முழு ரிடார்டில், அதாவது ஸ்பார்க்கை முடிந்தவரை தாமதப்படுத்திய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க சிகரெட் தாள் ஒன்றைக் கவ்வ வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்புங்கள். தாள் வழுக்கி வரும் இடம்தான் அது. பிளக் இடைவெளி 0.45 முதல் 0.50 மி.மீ. வால்வைத் தள்ளும் டாப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் வைத்துப் பாருங்கள்: புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் ஐடிலிங் இனி நிற்காது. காற்றடித்து ஊதுங்கள் அல்லது நைலான் இழை விடுங்கள்.

கடைசியில்தான் உதை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். அது நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவர்) இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். டிகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஒரே உதை. கால் பலம் இதில் இரண்டாம்பட்சம்.

டேங்க் உள்ளே துரு. ஆசிட் ஊற்றலாமா?

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு போகும், இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். சிட்ரிக் அமிலப் பொடி, லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம். பெட்ரோலை முழுதும் வடித்து, டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் காக்கைக் (திறந்து மூடும் குழாய்) கழற்றி ஓட்டையை அடைத்து, கரைசலை நிரம்ப ஊற்றி 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். முரட்டுத் துருவுக்கு ஒரு பிடி நட்டு போட்டுக் குலுக்கலாம். போட்டதை எண்ணி, எடுத்ததையும் எண்ணுங்கள். கொட்டியதும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் உடனே காயவைத்து, உலர்ந்த அரைமணிக்குள் 100 மி.லி. டூ ஸ்ட்ரோக் (2டி) ஆயில் விட்டு உருட்டிவிடுங்கள். நவம்பர் மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். டேங்க் காயவே காயாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து. 20 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் பழைய ரப்பரை உப்ப வைக்கும், பிறகு விரிசல் விட வைக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் போய் உட்காரும். இந்தக் கடலோர ஈரத்தில் அது சீக்கிரமே நடக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூப்பது இதனால்தான்.

பெட்ரோல் குழாய், ஓ-ரிங், கார் என்றால் பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ரப்பர் பாகங்களுக்கு வைட்டான் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். பிளக் வெளுத்து வந்தால் கலவை மெலிந்திருக்கிறது, மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு ஆயில்?

யெஸ்டி, ஜாவாவுக்கு 1:25, அதாவது லிட்டருக்கு 40 மி.லி., ஐந்து லிட்டருக்கு 200. புதிதாக ரீபோர் செய்திருந்தால் (சிலிண்டரைப் பெரிய பிஸ்டனுக்குக் குடைந்திருந்தால்) முதல் 500 கி.மீ. வரை 50 மி.லி. ஆர்எக்ஸ் 100-இல் பம்ப் தானே ஊட்டும். ஆயில் டேங்க் ஒருமுறை வற்றியிருந்தால் நிரப்பினால் மட்டும் போதாது, பம்ப்பில் காற்று எடுக்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

விடாமல் வெள்ளைப்புகை வந்து, கியர் பெட்டி ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. ரீபோர் செய்தும் புகை நிற்கவில்லை என்று அலைகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். ரீபோர் என்றவுடன் இன்னொன்று: பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதன் அளவுக்கு போர் செய்யச் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்தால் சென்னையின் உதிரிச் சந்தைகளான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இல்லாத அளவைத் தேடி அலைய வேண்டும்.

பீச் ரோட்டுக்கோ சில்வர் பீச்சுக்கோ ஓட்டிக்கொண்டு போனால் பிறகு என்ன செய்வது?

அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், அடிப்பக்கம் முதலில். பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்று. அடிப்பக்கத்தில் கருப்புத் தார்ப்பூச்சு அடித்துவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். சுத்தமான தகட்டில் அடித்தால் சரி. துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலத்தான், மூன்று மழைக்காலத்தில் பூச்சு மட்டும் மிஞ்சும். சில் பெட்டி, கதவு உட்புறம் போன்ற பொந்துகளுக்கு மெழுகு வகைத் திரவம் பீச்சுவது நல்லது. குரோமில் புள்ளித்துரு என்றால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பிறகு மெழுகு.

வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள். அடியில் வியர்க்கும். பருத்தித் துணி போதும். வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் ஓட்டுவதற்கு ஈடான உறை எதுவும் இல்லை. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது அதற்கு மாற்றாகாது. சைலன்ஸருக்குள் தண்ணீர் திரண்டு நிற்கும், காய்வதற்குள் அணைத்துவிடுவீர்கள்.

ஆர்.சி. (பதிவுச் சான்று) விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரியில் பதிவான பி.ஒய். 01 வண்டியைக் கடலூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, கடலூரின் டி.என். 31-க்கு மாற்றி, வரி கட்ட வேண்டும். எல்லை தாண்டினால் பத்து நிமிடம்தானே என்பது சட்டத்துக்குத் தெரியாது.

50 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள, வணிகப் பயன்பாடு இல்லாத வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு உண்டு. விண்ணப்பம் படிவம் 20. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் காய்கறி வாங்கப் போகிறவர் வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்பையே வைத்துக்கொள்வது நல்லது.

முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

கம்பெனிப் பெயிண்ட் அறுபது சதவீதம் மிஞ்சியிருந்தாலும் விட்டுவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. பாலிஷ் போடுங்கள், துருப்பிடித்த இடத்தை மட்டும் தொடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம், அசல் ஒரு தடவைதான்.

பழைய காரில் பாட்டு கேட்க டேஷ்போர்டை வெட்ட வேண்டுமா?

வேண்டாம். கையுறைப் பெட்டிக்குள் ஒரு சின்ன புளூடூத் ஆம்பிளிஃபயரும், பின் பலகைக்கு அடியில் இரண்டு ஸ்பீக்கரும் போதும். லெட் செப்பலின் ராக் குழுவை அதில் கேட்டால் டிரம்ஸ் எது, டாப்பெட் சத்தம் எது என்று குழப்பம் வரும். அதுவும் ஒரு சுகம்தான்.

வயரிங்குக்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் பாசிட்டிவ் முனை சேர்ந்திருக்கலாம். இன்றைய கருவிகளுக்கு நெகட்டிவ் சேர்ந்திருக்க வேண்டும். பார்க்காமல் பொருத்தினால் கருவியின் உறை பாடியில் பட்ட கணம் புகை. டைனமோ வைத்த கார் ஐடிலிங்கில் சார்ஜ் ஆகாது, ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹெட்லைட்டையும் பாட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். பாட்டோடு டிர்ரென்று ஒரு இரைச்சல் வந்து, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் அது இக்னிஷன். 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் தொப்பிகள் மாட்டினால் அடங்கும்.

ஞாயிறு சந்தையில் ரெக்கார்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

நிழலில் வாங்காதீர்கள். தட்டை வெயில் பக்கம் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் கேட்காது, தட்டுப்பட்டால் ‘டிக் டிக்’ நிச்சயம். கருப்பு பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் கனமான ஊசி உழுதிருக்கிறது, கழுவினாலும் திரும்பாது. லேபிளில் துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கோடுகள் இருந்தால் நிறைய ஓடிய தட்டு.

இந்தியப் பதிப்புகளை மட்டமாக நினைக்க வேண்டாம். இ.எம்.ஐ. இசை நிறுவனக் குடும்பத்து பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை, சேகரிப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து தேடுகிறார்கள். வெளிநாடுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டைக் கைவிட்ட பிறகும் 1960-களில் இங்கே பீட்டில்ஸ் பாட்டு 78-இல் வந்தது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் விலை கேளுங்கள்.

தட்டில் பூஞ்சை. எப்படிக் கழுவுவது?

வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு வரிக்குள் தங்கி இரையும். பழைய உள்ளுறைத் தாளைத் தூக்கி எறியுங்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது.

78 தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. அது அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும்.

எந்த பிளேயர்?

வீட்டுப் பரணில் கிடந்த பழைய பெட்டி பிளேயரில் நல்ல எல்.பி.யை (33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டு) வைக்காதீர்கள். அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) நான்கைந்து கிராம் எடையோடு அழுத்தும். மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். மேக்னடிக் என்றால் ஒலியைச் சீராக்கிக் கூட்டும் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் இல்லாமல் கொசு பாடுவது போலிருக்கும். 78-க்குத் தனி ஊசி, ஏறக்குறைய 75 மைக்ரான் முனை.

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் இங்கே சரியாக ஓடும், அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலிருந்து வந்ததில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால், வோல்டேஜ் மாற்றி வைத்தாலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28-க்கும் குறைவாகவே சுற்றும், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால். பாடகர் மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கி அழுவார். சோதிக்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டத்தை வைத்துப் பழைய சோக் டியூப்லைட்டின் கீழ் பாருங்கள். வேகம் சரியென்றால் கோடுகள் நின்றபடி தெரியும். எல்இடி விளக்கு இதற்கு நம்பகமில்லை.

கேசட்டுகளையும் காப்பாற்ற முடியுமா?

முடியும், கேசட் டெக்கின் பெல்ட் தார்போல் உருகியிருக்கும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கேசட்டில் நடுவில் உள்ள பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடலாம். வருடம் ஒருமுறை முழுதும் சுற்றித் திருப்புங்கள்.

இவற்றையெல்லாம் எங்கே வைப்பது?

புதுச்சேரி வெள்ளை நகரத்துச் (ஒயிட் டவுன்) சுண்ணாம்புச் சுவர் வீடு அழகுதான், அதன் வெளிச்சுவர் ஐப்பசி கார்த்திகையில் ஊறி நிற்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல், தரையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தட்டுகளை நிமிர்த்தி, சாயாமல். நூறு எல்.பி. 25 முதல் 30 கிலோ வரும், அதனால் ஓரடிக்கு ஒரு தடுப்பு இல்லையென்றால் பலகை வளையும். பிவிசி வெளியுறை வேண்டாம், வெயில் காலத்தில் தட்டின் மேல் பனிபோல் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் உறை போதும்.

ஒரு ஈரமானி வாங்கி உள்ளே வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றுங்கள். நீலம் இளஞ்சிவப்பானதும் பழைய வாணலி ஒன்றில் மெல்லிய தீயில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.